விடு என்றாள், உடு என்று கேட்டது

ஹாக்கிக் காலணியின் அடியில் ரப்பர் முளைகள் இருக்கும். மண்ணில் ஓடும்போது அவை சத்தம் போடாது. ஆஸ்பத்திரித் தரையில் போடும். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் என் அணிப் பெண்கள் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடி வந்தபோது, தகரக் கூரையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது போல இருந்தது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தது என் மகள் செண்பகா.

முகத்தின் மேல் ஒரு துண்டு. காலையில் வியர்வை துடைக்க நான் எடுத்துப்போன துண்டுதான். அது வெள்ளைத் துண்டு என்று சொன்னால் அப்போது யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். துண்டுக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வருகிறவர்களில் யாரையோ தேடின.

"மேடம், ஸ்டெல்லா வர்ல. கிரவுண்ட்லயே குந்திகினு கீறா. கூப்ட்டா எழுந்துக்க மாட்டேன்றா" என்றாள் ஒருத்தி.

"எப்டி வருவா? அடிச்சதே அவதான?" என்றாள் இன்னொருத்தி.

கல்லூரி மகளிர் ஹாக்கிப் பயிற்சியாளராக நான் கழித்த வருஷங்களைப் பற்றிய இந்தத் தொடரில், இதுவரை ஜெயித்த கதைகளையே அதிகம் சொல்லிவிட்டேன். நினைவுக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. கோப்பைகள் இருக்கும் அலமாரிப் பக்கமாகவே நம்மை இழுத்துக்கொண்டு போகும். இந்த வாரம் அதன் பின்னால் நான் போகப்போவதில்லை.

இதை எழுதும்போதுகூட என் இடது கை தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்காவது தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். எல்லாம் முடிந்து வெகு காலம் ஆகிவிட்டது. கைக்கு அது தெரியவில்லை.

கல்லா, பந்தா?

நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஹாக்கி ஸ்டிக் இருக்கும் என்பது மிகை. எல்லாத் தெருவிலும் இருக்கும் என்பது உண்மை. கல்யாணம் ஆனதும் கணவரின் வேலைக்காகக் கல்பாக்கம் குடியிருப்புக்கு வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், செண்பகா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், செங்கல்பட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி வேலை கிடைத்தது.

"என்ன விளையாட்டு சொல்லித் தரப் போறீங்க? த்ரோபாலா?" என்று கேட்டார் முதல்வர்.

"ஹாக்கி."

"அது ஆம்பளைப் பசங்க…" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மைதானம் என்று ஒன்று இருந்தது. செம்மண்ணும் சரளையும். முதல் வருஷம் நான் சொல்லிக்கொடுத்த முதல் பயிற்சி, குனிந்து கல் பொறுக்குவது. "ஹாக்கி கத்துக்க வந்தோமா, அரிசி பொடைக்க வந்தோமா மேடம்?" என்று கேட்ட பெண்தான் பிற்பாடு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனாள். அடுத்தடுத்து இரண்டு பேர் போலீசில் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் பெற்றோர்கள் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவதை விட்டார்கள்.

சனிக்கிழமைகளில் மாமல்லபுரத்துக்குப் பஸ் பிடிப்போம். ஈர மணலில் ஓடினால் கால் இரும்பாகும் என்பது என் நம்பிக்கை. ஒருபக்கம் மீன்காரம்மா ஒருத்தி, "யம்மா, வலை மேல கால வெச்சீங்கன்னா அப்புறம் அந்தக் காலு உங்களுது இல்ல, சொல்ட்டேன்!" என்று கத்துவாள். மறுபக்கம் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பார்கள். ஒருமுறை ஒருவர் எங்கள் ஸ்டிக்குகளைப் பார்த்துவிட்டு, தன் ஊரில் இதைப் பெண்கள் பனிக்கட்டி மேல் ஆடுவார்கள் என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"ஐஸ் மேலயா? இந்த வெயில்ல அது மோராயிடும்னு சொல்லுங்க மேடம் அவருக்கு" என்றாள் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா கருங்குழிப் பெண். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அப்பா பஸ் கண்டக்டர். மகள் விளையாடுவது என்னவென்று பார்க்க, டியூட்டி முடிந்து காக்கி உடுப்போடு அவர் ஒருநாள் மைதானத்துக்கு வந்தார். பந்தை எடுத்துக் கோல் கம்பத்தில் தட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, கல்லா பந்தா?"

"பந்துதாங்க."

"எம் பொண்ணு மேல பட்டா?"

"என் மேல ஏன் நைனா படுது? நானு அடிக்கிற ஆளு" என்றாள் ஸ்டெல்லா பின்னாலிருந்து.

அவர் சிரித்துவிட்டார். "அவ அடிச்சான்னா எங்கிட்ட சொல்லாதீங்க மேடம். அடி வாங்கினா மட்டும் சொல்லி அனுப்புங்க" என்று பந்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் ஃபுல்பேக். கோலுக்கு முன்னால் நின்று, வருகிற பந்தை எல்லாம் அடித்து வெளியேற்றும் வேலை. அவள் வீசி அடித்தால் பந்து மறுபாதிக்குப் போய்த்தான் இறங்கும்.

வீட்டுப் பேச்சு

பயிற்சியாளர் என்றால் தைரியசாலி என்று நினைக்கிறார்கள். கேஸ் மூடியாயிற்றா என்று பாதி வழியில் திரும்பி வரும் ஆள் நான். செண்பகா சைக்கிளில் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போனால், திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளின் மகள் அதே கல்லூரியில் சேர்ந்து, அதே அணிக்கு வந்து, கோல்கீப்பராகத்தான் நிற்பேன் என்றாள். பழைய கீப்பர் படிப்பு முடிந்து போயிருந்தாள். இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். மற்றவள் ஸ்டெல்லாவின் தோழி. அணிப் பெண்களே மாறி மாறிப் பந்து அடித்துப் பார்த்துச் செண்பகாவைச் சொன்னார்கள்.

கீப்பர் என்றால் கண் மட்டுமல்ல, வாயும் வேண்டும். பந்து யாருக்கு, அடிப்பதா, தொடாமல் விலகுவதா என்று பின்னாலிருந்து கத்த வேண்டியது அவள்தான். அதற்கு நான் இங்கிலீஷ் சொற்களைப் பழக்கி வைத்திருந்தேன். விலக வேண்டுமென்றால் 'லீவ்'. அடிக்க வேண்டுமென்றால் 'க்ளியர்'. பயிற்சியில் எல்லாரும் அழகாகச் சொல்வார்கள். ஆனால் பந்து முகத்துக்கு நேரே வரும்போது யாருக்கும் இங்கிலீஷ் வருவதில்லை. வீட்டுப் பேச்சுதான் வருகிறது.

அடிபட்ட அன்று பெனால்டி கார்னர் பயிற்சி. கோலுக்கு அருகிலிருந்து ஓங்கி அடிக்கும் பந்தைத் தடுக்கும் பழக்கம். பந்து செண்பகாவின் கால் பேடில் பட்டுத் தெறித்து, அவளுக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடுவே வந்து நின்றது. காலால் தட்டிவிடச் செண்பகா தரையோடு சரிந்தாள். சரிந்துகொண்டே ஒரு சொல் கத்தினாள். நான் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தேன். சத்தம் கேட்டது, சொல் கேட்கவில்லை.

ஸ்டெல்லா வீசினாள். பந்து போய்விட்டது. பந்தை அனுப்பிவிட்டு மேலே எழும்பிய ஸ்டிக், ஹெல்மெட்டின் கம்பிக்குக் கீழே, மோவாயில் மோதியது. பழைய மாதிரி ஹெல்மெட். கம்பி உதட்டோடு முடிந்துவிடும்.

தேங்காய்ச் சத்தம் அதுதான்.

தாடை இரண்டு இடத்தில் விட்டிருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். சில வாரங்களுக்குப் பேச முடியாது, கஞ்சி உறிஞ்சு குழலில்தான். ஸ்டெல்லா கல்லூரிக்கே வரவில்லை. தோழிக்குக் கிடைக்காத இடத்துக்காக வேண்டுமென்றே அடித்தாள் என்று பேச்சு கிளம்பியது. ஆசிரியர் அறையில் டீ ஆற்றிக்கொண்டே ஒருவர் என்னிடமே அதைச் சொன்னார்.

நான் வார்டுக்குப் போய் மகளிடம் கேட்டேன். "அன்னைக்கு என்னட்டி சொல்லிக் கத்துன?"

அவள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் எழுதினாள். வி. டு.

மறுநாளே கருங்குழிக்குப் பஸ் ஏறினேன். ஸ்டெல்லா சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். அப்பா நாற்காலியை எனக்குக் காட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அவ விடுன்னுதானே கத்திருக்கா. நீ ஏம்மா அடிச்ச?"

ஸ்டெல்லா தலையைத் தூக்கினாள். "அத்தத்தான் மேடம் நானும் சொல்றேன்! உடுன்னா. உட்டேன்!"

குடிக்க எடுத்த தண்ணீரைக் கீழே வைத்தேன்.

செண்பகா பேசுவது என் வீட்டுப் பேச்சு. எங்களுக்கு ஒரு பொருளை விடு என்றால், அதை அப்படியே விட்டுவிடு, கை வைக்காதே. இங்கே எங்கள் மைதானத்தைச் சுற்றி நின்று பார்க்கும் பெண்கள், பந்து அடிக்க வாகாக வரும்போதெல்லாம் என்ன கத்துவார்கள்? "உடு! உடு ஒண்ணு!" எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். ஸ்டெல்லாவின் காதில் விழுந்தது அந்த உடு, ஓங்கி அடி என்கிற உடு. எழுதினால் இரண்டும் ஒரே சொல். உள்ளங்கையில் எழுதிக் காட்டியும் எனக்கு விளங்காமல் போனது அதனால்தான்.

"ஏண்டி, ஒரு வார்த்தைக்கா அந்தப் பொண்ணு வாய ஒடச்ச?" என்று கேட்டுவிட்டு அவள் அப்பா முகத்தை மூடிக்கொண்டார்.

"நாளைக்கு கிரவுண்டுக்கு வா" என்றேன்.

"வரேன் மேடம். வந்து இன்னா பிரயோஜனம்? ஸ்டிக்க புடிச்சா கை மேல எழும்ப மாட்டேங்குது."

ஜன்னலுக்கா சார்?

வீட்டில் என் கணவர் தீர்ப்பைச் சொல்லியிருந்தார். "போதும், கேட்டியா. ஹாக்கியும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம். புள்ளைய முழுசா வீட்ல வச்சிக்கிடுவோம்."

எனக்குள் இருந்த அம்மா அதற்குத் தலையாட்டினாள். பயிற்சியாளர் தலையாட்டவில்லை.

பேச முடியாத பெண்ணுக்கு டிவிதான் துணை. ஏதோ ஒரு விளையாட்டுச் சேனலில் பெண்கள் பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதன் சட்டம் ஒன்றும் புரியவில்லை. செண்பகா மட்டும் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கோல்கீப்பரையே பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகமூடிக் கம்பி மோவாய்க்குக் கீழேயும் இறங்கி, தொண்டைவரை ஒரு கேடயம் தொங்கியது. செண்பகா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டிவியைக் காட்டினாள். தன் மோவாயைக் காட்டினாள்.

அவர் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரின் முன்னால் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பினார். திரும்பி வந்த பிறகு அவரே சொன்னதுதான் இது. புதுப்பட்டினத்தில் கிரில் செய்யும் கடை. வெல்டர் கம்பியை எடுத்துக்கொண்டே கேட்டாராம், "ஜன்னலுக்கா சார்?"

"இல்ல. மொகத்துக்கு."

"மொகத்துக்கா! அப்ப கொசு வலையும் சேர்த்து அடிச்சிக் குட்த்துடவா?"

ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். உதட்டுக்குக் கீழே புதிதாக வளைந்த கம்பிகள் தொண்டைவரை இறங்கியிருந்தன. ஓரமெல்லாம் அரம் போட்டு, உள்பக்கம் ரெக்சின் தைத்திருந்தது.

"நான் சம்மதம்னு சொல்லல. வெல்டிங் நல்லா வந்திருக்கான்னு மட்டும் பாரு" என்றார் என்னிடம்.

சிவப்பும் பச்சையும்

பல்லில் கட்டிய கம்பியை எடுத்த வாரம் ஸ்டெல்லா தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தூக்குவாளியில் ஆட்டெலும்பு சூப். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செண்பகாவின் பேச்சு இன்னும் வாயில் பஞ்சு அடைத்தது போலத்தான் இருந்தது.

"ஏட்டி, நான் விடுன்னுதான சொன்னேன்?"

"ஆமாண்டி. உடுன்ன. உட்டேன்."

இருவரும் முதல்முறையாக நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு செண்பகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தாடை வலிக்கும். தாடையைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதட்டி" என்று கெஞ்சினாள். ஸ்டெல்லா சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"இனிமே அடிக்கணும்னா 'சாத்து'ன்னு சொல்லு" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எங்க வீட்ல சாத்துன்னா கதவ மூடுறது."

"அப்ப நேரா 'அடி'ன்னு சொல்லேன்."

"சொல்லிப் பாக்கட்டா? அடி!"

"இன்னாடி?" என்று ஸ்டெல்லா தன்னையறியாமல் திரும்பினாள். "ஐயோ, இதுவும் ஆவாது."

"போடுன்னு சொல்லுங்க" என்றார் ஸ்டெல்லாவின் அம்மா.

"ஸ்டிக்கக் கீழ போட்டுட்டா, யம்மா?" என்றாள் மகள்.

கடைசியில் ஸ்டெல்லாதான் சொன்னாள். "ஆளாளுக்கு ஒரு தமிழ் வெச்சிகினு கீறோம். செங்கல்பட்டு ஸ்டேசன்ல எந்த ஊரு வண்டி வந்தாலும் ஒரே மாரி புரியறது சிக்னலு மட்டுந்தான். செவப்புன்னா தொடாத. பச்சன்னா அடிச்சித் தூக்கு."

மறுநாளே லீவும் க்ளியரும் எங்கள் மைதானத்தை விட்டுப் போயின.

தாடை தேறியதும், புதுக் கம்பி வைத்த ஹெல்மெட்டோடு செண்பகா கோலுக்குள் வந்து நின்றாள். அவள் அப்பா சம்மதம் என்று கடைசிவரை சொல்லவில்லை; பேடின் வார் அறுந்தால் தைத்து மட்டும் வைத்தார். ஆனால் ஸ்டெல்லாவின் கை எழும்பவில்லை. மாமல்லபுரத்துக் கரையில் தனியாக வீசுவாள். காலியான கோலுக்கு முன்னால் வீசுவாள். செண்பகா பின்னால் வந்து நின்றால் ஸ்டிக் முழங்காலுக்கு மேல் போகாது. பந்தைத் தள்ளிவிடுவாள். 'பச்ச' என்று செண்பகா கத்தினாலும் தள்ளல்தான்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நான் வெறுத்தேன். கோலுக்கு முன்னால் மெதுவாகத் தள்ளிய பந்து என்றால், எதிரணிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த பந்து. கீப்பர் உயிரைக் கொடுத்துத் தடுத்தாலும் அது திரும்ப அவள் முகத்துக்கே வரும்.

"வீசலைன்னா உன்ன வெளிய உட்கார வைக்க வேண்டியிருக்கும்" என்றேன்.

"வெச்சிருங்க மேடம்."

"அவள உட்கார வச்சா நானும் உட்காந்துக்கிடுவேன்" என்றாள் செண்பகா. கம்பிக்குப் பின்னாலிருந்து வந்ததால் அந்தக் குரல் இன்னும் பிடிவாதமாகக் கேட்டது. இருவரையும் மாற்றாமல் அணியை எழுதினேன்.

பந்து நின்ற இடம்

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அந்த முறை எங்கள் மைதானத்தில். நான் சொல்லப்போகும் ஆட்டத்தில் தோற்றோம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்திலேயே நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். "யாரும்மா அது செவப்பு செவப்புன்னு கத்துறது? செவப்பு கார்டு காட்டி வெளிய அனுப்பறது என் வேலை. உங்க வேலை இல்ல."

"சார், இது எங்க வூட்டு சிக்னலு. உங்க கார்டு பாக்கெட்லயே இருக்கட்டும்" என்றாள் ஸ்டெல்லா. எதிரணிப் பெண்களே சிரித்தார்கள்.

இரண்டாம் பாதியில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். பெனால்டி கார்னர். அடித்த பந்து செண்பகாவின் பேடில் பட்டுத் தெறித்து, அவளுக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடுவே வந்து நின்றது. அதே இடம் என்று நான் சொன்னால் பந்துக்குத் தெரிந்து நின்றதாகிவிடும். கோலுக்கு முன்னால் பந்து நிற்கக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை, அவ்வளவுதான். செண்பகா ஒரு முழங்காலில் விழுந்திருந்தாள். எதிரணியின் முன்னாட்டக்காரி ஒருத்தி ஸ்டிக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பச்ச!" என்று கத்தினாள் செண்பகா.

ஸ்டெல்லா நின்றாள்.

"பச்சடி! பச்ச!"

ஸ்டெல்லாவின் கண் என் பக்கம் திரும்பியது. அது ஒரு மூச்சு நேரம்கூட இருந்திருக்காது. கோட்டுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். செங்கல்பட்டுக்கு வந்ததிலிருந்து எத்தனையோ பெண்களை அடி, அடி என்று விரட்டியிருக்கிறேன். அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையிலிருந்து தானாக வரவில்லை. நான்தான் அதை வெளியே தள்ளினேன்.

"பச்ச!"

ஸ்டிக் தோளுக்கு மேலே எழுந்தது. பந்து என்னைத் தாண்டிப் போன சத்தம் காதில் விழுந்தது. எங்கே போய் இறங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஸ்டிக்கின் நுனி கம்பிக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் ஏறியது என்றும், செண்பகா கண்ணை இமைக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை என்றும் அணிப் பெண்கள்தான் பிறகு எனக்குச் சொன்னார்கள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டது நான் ஒருத்திதான்.